இறால் ஓட்டுக் கைட்டோசான் தூள்: சரக்கு நல்லது, லேபிள்தான் மோசம்

கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கவும், பழங்களுக்கு மேல்பூச்சாகப் பூசிப் பார்க்கவும், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் இந்தக் கைட்டோசான் தூளை வாங்கினேன். வெளிர் மஞ்சள் நிறம், மீன் கவிச்சி இல்லை. புரதத்தைச் சரியாக நீக்காத தூளாக இருந்திருந்தால் டப்பாவைத் திறந்ததுமே மூக்கு சொல்லியிருக்கும்.

வெறும் தண்ணீரில் போட்டால் கரையாது, ஊறி அடியில் உட்கார்ந்துகொள்ளும். இதைப் பார்த்துத்தான் பலர் போலி என்று ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறார்கள், ஆனால் கைட்டோசானின் குணமே அதுதான், பிஹெச் (அமில-கார அளவு) 6-க்குக் கீழே இறங்கினால்தான், அதாவது தண்ணீரில் கொஞ்சம் அமிலம் சேர்ந்தால்தான் கரையும். 5 சதவீத வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு சேர்த்து, லிட்டருக்கு 10 கிராம் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி இரவு முழுக்க விட்டால் கொழகொழவென்று வந்துவிடும். எனக்குக் கரையாத துணுக்குகள் கொஞ்சம் மிஞ்சின, துணியில் வடிகட்ட வேண்டியிருந்தது.

தண்ணீர் விஷயத்தில் முழுத் திருப்தி. களிமண் துகளுக்கு எதிர்மின்னூட்டம், அமிலத்தில் கரைந்த கைட்டோசானுக்கு நேர்மின்னூட்டம், இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடுகிறது. ரொம்பத் தாராளமாக ஊற்றினால் துகள்கள் மறுபடி பிரிந்து கலங்கும், அதனால் சொட்டுச் சொட்டாகவே விடுங்கள். பழப்பூச்சு பரவாயில்லை ரகம்.

அப்புறம் அந்த லேபிள். "முற்றிலும் இயற்கை, ரசாயனமே இல்லை" என்று போட்டிருக்கிறார்கள். எப்படி? ஓட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கப் பொதுவாக ஹைட்ரோகுளோரிக் அமிலம், புரதத்தை நீக்கக் காஸ்டிக் சோடா, அதற்குப் பிறகு கிடைக்கும் கைட்டினை (ஓட்டுக்கு உறுதி தரும் நார்ப்பொருள்) கைட்டோசானாக மாற்ற 40-50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் சூடாக்கல், நடுநடுவே குடம் குடமாகக் கழுவல், இதுதான் வழக்கமான முறை. காய்ந்த ஓட்டில் கைட்டின் பெரும்பாலும் 20-30 சதவீதம்தான், மற்றதெல்லாம் கழுவு நீரோடு போகிறது. கழிவைப் பொருளாக்குவது நல்ல வேலைதான், அதற்காக இந்தப் பொய் எதற்கு? இவற்றுக்குப் பதில் நுண்ணுயிர்களை விட்டு நொதித்தல் முறையில் எடுத்திருந்தால் அதையாவது சொல்லட்டும்.

இதைவிட எரிச்சல், வாங்குபவருக்குத் தேவையான இரண்டு எண்கள் எங்கேயும் இல்லை. ஒன்று, அசெட்டைல் நீக்க சதவீதம், அதாவது கைட்டின் எந்த அளவுக்குக் கைட்டோசானாக மாறியிருக்கிறது என்பது: அது குறைந்தால் கரையாத துணுக்கு கூடும், எனக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று பாகுநிலை, பூச்சு எவ்வளவு கெட்டியாக வரும் என்பது அதைப் பொறுத்தது. இறால், நண்டு போன்ற ஓட்டு மீன் ஒவ்வாமை எச்சரிக்கையும் காணோம், மிச்சப் புரதம் துளி இருந்தாலே சிலருக்கு ஆபத்து. "உடல் எடையைக் குறைக்கும்" என்ற வரிக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கிறது! நல்ல ஆய்வுகளில் அந்தப் பலன் மிகச் சொற்பம், அதற்காக வாங்காதீர்கள்.

கரைசலை மொத்தமாகக் கலக்கி வைக்க வேண்டாம், நாளாக ஆக நீர்த்துவிடும். மூன்று ஸ்டார். அந்த இரண்டு எண்களையும் அச்சடித்தால் நான்காவதையும் தருகிறேன்.