கியோட்டோ காகித விசிறி: காற்று பிரமாதம், மூடத்தான் மாட்டேன் என்கிறது

ஒசாகாவுக்கு வேலை மாற்றலாகி வரப்போகும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "கியோட்டோ மடக்கு விசிறி வாங்கலாமா? உழைக்குமா?" அவர் கேட்ட நேரம் அப்படி. முந்தின நாள்தான் என் விசிறியைப் பழுது பார்க்கச் சொல்லி ஒரு கடைக்குக் கொண்டுபோய், முடியாது என்ற பதிலோடு திரும்பியிருந்தேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலை மாத ஒசாகாவில் வெயிலைவிடப் புழுக்கம்தான் வாட்டி எடுக்கும். ரயிலுக்குக் காத்து நிற்கையில் கையில் விசிறி இல்லாவிட்டால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் மாட்டும் பேட்டரி விசிறியையும் பார்த்துவிட்டேன், நூறு யென் கடை விசிறியையும் பார்த்துவிட்டேன். கியோட்டோ காகித விசிறியின் காற்று அவை எதிலும் வரவில்லை. மூங்கில் குச்சிகளை அங்கே மெல்லியதாகச் சீவி நெருக்கமாக அடுக்குகிறார்கள். சாதாரணமாக 25 முதல் 35 குச்சிகள் இருக்கும். டோக்கியோ பாணியில் குச்சிகள் குறைவு, 15, 18 என்ற கணக்கு. மடிப்பும் அகலம், விறைப்பும் அதிகம். குச்சி நெருக்கமாக இருந்தால் விசிறி வளைந்து கொடுக்கும். மணிக்கட்டை லேசாக அசைத்தாலே காற்று முகத்துக்கு வந்துவிடும். வெகுநேரம் வீசினாலும் கை வலிப்பதில்லை.

காகிதத்துக்குள் குச்சியை நுழைக்கும் வேலை எனக்கு இன்றும் வியப்பு. விசிறித் தாள் ஒற்றைத் தாள் இல்லை. நடுவில் ஒரு மெல்லிய தாள், இருபுறமும் மேல்தாள் என்று அடுக்கி ஒட்டியது. மடித்த பிறகு அந்த நடுத்தாளைப் பிளந்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வாயால் ஊதி வழி உண்டாக்கி, பசை தடவிய குச்சிகளை உள்ளே செருகுகிறார்கள். அதனால் முன்னாலும் பின்னாலும் தாள்தான் தெரியும், குச்சியின் முனை வெளியே வராது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் புகாரெல்லாம் இரண்டு ஓரக் குச்சிகளைப் பற்றியது. வெளிப்பக்கம் தடிமனாக இருக்கும் அந்த இரண்டையும் கடைசிக் கட்டத்தில் சூடுகாட்டி உட்புறமாக வளைக்கிறார்கள். அதற்குப் பெயர் 'தமே'. விசிறியை மூடும்போது நுனி கச்சிதமாகச் சேர்ந்து 'பட்'டென்று ஒலிப்பது இந்த வளைவால்தான். புது விசிறியின் அந்த ஒலியைக் கேட்டே நான் வாங்கினேன். மறைக்க என்ன இருக்கிறது, காற்றைவிட அந்தச் சத்தம்தான் எனக்குப் பிடித்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூடத் திறந்து திறந்து மூடுவேன்.

ஜூனில் மழைக்காலம் தொடங்கும். காகிதம் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பும் ஒரு மயிரிழை பருக்கும். முப்பது மடிப்பும் சேர்ந்தால் அந்தப் பருமன் ஓரக் குச்சிகளை வெளியே தள்ளுகிறது. மழை நின்று காய்ந்ததும் முதல் வருடம் பழையபடி சேர்ந்தது. அடுத்த வருடம் பாதிதான் சேர்ந்தது. இப்போது மூடினாலும் நுனி காக்காய் அலகு மாதிரி பிளந்தே நிற்கிறது. பையில் வைத்தால் சாவியோ பேனாவோ அந்த இடைவெளியில் புகுந்து தாளைக் கிழிக்கப் பார்க்கிறது. கையில் பிடித்தபடி நடந்தால் தானாக விரிகிறது. சத்தம் போயே போய்விட்டது.

சரி, வளைவுதானே போயிருக்கிறது, மறுபடி சூடுகாட்டி வளைத்தால் முடிந்தது என்று கடைக்குப் போனேன். அங்கே நாங்கள் விற்பதோடு சரி என்றார்கள். அடியில் இருக்கும் அச்சாணி கழன்றிருந்தால் மாற்றித் தருவார்களாம். ஓரக் குச்சியைத் தொட மாட்டார்களாம். யோசித்தால் காரணம் புரிகிறது. இந்த விசிறி ஒரே பட்டறையில் பிறப்பதில்லை. குச்சிகளில் பெரும்பகுதி பிவா ஏரியின் மேற்குக் கரையில், ஷிகா மாநிலத்துத் தகஷிமாவில் தயாராகிறது. தாள் ஒட்டுபவர் வேறு, படம் தீட்டுபவர் வேறு, மடிப்பவர் வேறு, கடைசியில் கோத்து வளைப்பவர் வேறு. கடைக்காரரிடம் எந்தக் கருவியும் இல்லை. புரிகிறது, ஆனால் கோபம் குறையவில்லை. 877ஆம் ஆண்டு என்று எழுதியிருக்கும் மர விசிறி, தோ-ஜி கோயிலில் கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலைக் கைக்குள்ளிருந்து கிடைத்த ஊர் கியோட்டோ. அரசு 1977இல் மரபுக் கைவினை என்று அங்கீகரித்த பொருள் இது. இரண்டு குச்சியை மீண்டும் வளைத்துத் தர இந்த ஊரில் ஒரு வழி இருக்க வேண்டாமா? ஆறாயிரம் யென் கொடுத்தவனுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு.

நண்பருக்காகச் சில விஷயங்கள். கடையில் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மூடிப் பிடித்து நுனியைப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நிற்க வேண்டும். பளபளவென்று பெரிய படம் போட்டு, பத்தே குச்சியோடு நீளமாக இருப்பது நடன விசிறி. சுழற்றுவதற்காக ஓரக் குச்சியில் ஈயம் வைத்திருப்பார்கள், காற்று வீச அது சுமை. அளவில் சின்னதாக இருப்பது தேநீர்ச் சடங்குக்கானது. வணங்கும்போது முன்னால் வைப்பது, வீசுவதற்கில்லை. ஆண்களுக்கு ஏறக்குறைய 22 செ.மீ., பெண்களுக்கு 20 செ.மீ. நீளம் சரியாக வரும். நீங்கள் இடது கைக்காரரென்றால் அதற்கென்று செய்த விசிறியைக் கேளுங்கள், மற்றவை உங்கள் கையில் எதிர்ப்பக்கம் இழுக்கும்.

திறக்கும்போது உதறாதீர்கள், கட்டைவிரலால் ஒவ்வொரு மடிப்பாகத் தள்ளுங்கள். முழுசாக விரிக்காமல் ஒன்றிரண்டு மடிப்பை விட்டு வைத்தால் ஓரத்தில் இழுபடாது. வியர்வைக் கையோடு வீசினால் வீட்டுக்கு வந்து நிழலில் விரித்து உலரவிடுங்கள். வாசனைத் திரவியத்தைத் தாள்மேல் அடிக்க வேண்டாம், கறை போகாது. வாங்கும்போது நுனியில் சின்னக் காகிதப் பட்டை ஒன்று சுற்றியிருக்கும். பெட்டியோடு அதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூடி வைக்கும்போதெல்லாம் அதை மாட்டுங்கள். நானும் மாட்டித்தான் வைத்தேன். அதனால்தான் இத்தனை நாளாவது தாங்கியது.

துணி விசிறியின் காற்று மந்தம். நெசவின் இடைவெளியில் பாதி கசிந்துவிடும், மூடினால் சத்தமும் வராது. குச்சிகள் பின்னால் ஒட்டியிருப்பது அப்பட்டமாகத் தெரியும். ஆனால் மழைக்காலத்தில் காகிதம் போல ஊதிக்கொள்ளாது, பையில் கிடந்தால் கிழியாது.

காற்றிலும் அழகிலும் கைக்கு இதத்திலும் காகித விசிறியை எதுவும் நெருங்க முடியாது என்பது என் கருத்து. ஆனாலும் நண்பரே, நீங்கள் துணி விசிறியே வாங்குங்கள். மே மாதத்திலேயே வாங்கிவிடுங்கள், ஜூலையில் நல்ல நிறமெல்லாம் தீர்ந்துவிடும்.