எஸ்டிஆர், சாரா, ஜேகேஎம்: தோட்டத்துப் பக்கம் எது கைகொடுக்கும்?

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுனில் எல்லா உதவிக்கும் ஒரே பெயர்தான்: ‘கவர்மெண்ட் காசு’. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. எஸ்டிஆர் வங்கிக் கணக்குக்கு வரும் ரொக்கம். சாரா அடையாள அட்டையில் (மைகாட், நாம் ஐசி என்பது) ஏறும் தொகை. அதைக் கொண்டு சாமான் வாங்கலாம், காசாக எடுக்க முடியாது. ஜேகேஎம் என்று நாம் சொல்வது சமூக நல இலாகா மாதாமாதம் தரும் உதவி. அதிகாரி விசாரித்துப் பார்த்த பிறகுதான் கிடைக்கும். எது பெரிய தொகை என்று மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். மனு போட எவ்வளவு அலைய வேண்டும், கிடைத்ததை எந்தக் கடையில் செலவழிக்க முடியும், இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எஸ்டிஆர். 2012-இல் பிரிம் என்று ஆரம்பித்து, இடையில் மூன்று பெயர் மாறி, 2023-இல் இந்தப் பெயருக்கு வந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் “பிரிம் போட்டுட்டானா?” என்றுதான் கேட்கிறார்கள். 2025 கணக்குப்படி, குடும்ப வருமானம் மாதம் 2,500 வெள்ளிக்குள் (வெள்ளி என்றால் ரிங்கிட்) இருந்து ஒன்றிரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆண்டுக்கு 1,500 வெள்ளி. வருமானம் 2,501-க்கும் 5,000-க்கும் நடுவில் என்றால் அதே குடும்பத்துக்கு 750. பணம் தவணை தவணையாக வரும்.

தோட்டத்துக் குடும்பத்துக்கு இந்த 2,500 கோடு நன்றாகவே உறைக்கும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. கணவர் மட்டும் செம்பனை வெட்டினால் குடும்பம் கோட்டுக்குக் கீழே. மனைவியும் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போனால் இரண்டும் சேர்ந்து 3,400, உதவி பாதியாகிவிடும். இதைக் கேட்டுவிட்டு “அப்ப வேலைக்குப் போகாம இருந்திருக்கலாமே” என்று சொல்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு 750 வெள்ளி குறைகிறதே என்று மாதம் 1,700-ஐ விடச் சொல்வதா? எரிச்சல் நியாயம்தான், யோசனை நியாயமில்லை.

மனு போடுவது சுலபம், அதுவும் இலவசம். வருமான வரி வாரியத்தின் மைஎஸ்டிஆர் தளத்தில் கைப்பேசியிலேயே போடலாம். ஏற்கெனவே வாங்குபவர்கள் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டாம். விவரம் மாறினால் புதுப்பித்தால் போதும். அந்தப் புதுப்பித்தலைத்தான் நம்மவர்கள் செய்வதில்லை. புதிதாகப் பிறந்த பிள்ளையின் பெயர் ஏறியிருக்காது. கணவர் இறந்து போயிருப்பார், பட்டியலில் இன்னும் அவர்தான் குடும்பத் தலைவர். சம்பளம் வேறு வங்கிக்கு மாறிய பிறகு பழைய கணக்கு தூங்கிக்கொண்டிருக்கும். அரசு அனுப்பும் பணம் அங்கே போய் முட்டிக்கொண்டு திரும்பும். கணக்கு மனு போட்டவரின் சொந்தப் பெயரில், ஓடிக்கொண்டிருக்கும் கணக்காக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் பேங்க் சிம்பானான் நேஷனலில் நேரில் வாங்கிக்கொள்ளலாம்.

சாராவுக்குத் தனி மனு கிடையாது. எஸ்டிஆர் பட்டியலிலிருந்தே பெயரை எடுக்கிறார்கள். ஆகவே எஸ்டிஆர் மனுவை விட்டவருக்கு மாதாந்திர சாராவும் போச்சு. முன்பு ஏறத்தாழ 7 இலட்சம் பேருக்குத்தான் இருந்தது. 2025 ஏப்ரலில் சுமார் 54 இலட்சம் பேருக்கு விரிந்தது. அப்போது குடும்பங்களுக்கு மாதம் 100 வெள்ளி, இ-காசே என்ற ஏழ்மைப் பதிவேட்டில் இருப்பவர்களுக்கு 200. இது தவிர 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் ஒரு தடவை 100 வெள்ளி என்று 2025 ஆகஸ்ட் 31 முதல் திறந்துவிட்டார்கள். ஆரம்ப நாட்களில் கூட்டம் தாங்காமல் கணினி முறையே திணறியது. அவசரமில்லாதவர்கள் இப்படிப்பட்ட சமயத்தில் கொஞ்சம் பொறுத்துப் போவதே புத்திசாலித்தனம்.

நூறு வெள்ளியை லேசாக எண்ண வேண்டாம். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. அது கையில் கிடைத்துவிட்டால், மீதியில் முட்டை, மாவு, டின் மீன், சவர்க்காரம், பிள்ளைக்குப் பள்ளி நோட்டு எல்லாம் வந்துவிடும். அரிசி, எண்ணெய், ரொட்டி, மருந்து என்று வகை வகையாகப் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லாத பொருளைக் கூடையில் போட்டால் அதற்குக் கைக்காசு கொடுக்க வேண்டும்.

சிக்கல் கடையில் இருக்கிறது. சாரா செல்லுபடியாவது பதிந்த கடைகளில் மட்டும்தான். தோட்டத்து மக்கள் தலைமுறையாகச் சாமான் எடுப்பதோ லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப்) பக்கத்து மளிகையில், கடன் புத்தகத்தில். நீல அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டு. ஒரு பக்கத்தில் தேதி, இன்னொரு பக்கத்தில் ‘அரிசி 5, கருவாடு, பால் டின்’ என்று பென்சிலில் எழுதியிருக்கும். சம்பள நாளில் மொத்தமாகக் கழிப்பார்கள். அந்தக் கடையில் மைகாட் இயந்திரம் இருக்காது. சாராவில் வாங்க டவுன் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போக வேண்டும்; மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டுக்கு அதுவே ஒரு செலவு. அப்புறம், காலைச் சந்தை மீனுக்கு சாரா உதவாது. ஒரு பாட்டி மளிகைக்காரரிடம் ஐசியை நீட்டி, “தம்பி, இதுலேந்து என் பாக்கிய கழிச்சிக்க” என்றார். அவர், “பாட்டி, இதுல கழிக்க முடியும்னா நான் மொதல்ல என் பாக்கிய கழிச்சிருப்பேனே” என்று சிரித்தார்.

ஆகவே இந்த இரண்டுக்கும் வேலை வேறு. எஸ்டிஆர் பணம் வந்தால் புத்தகக் கடனை அடையுங்கள். சாராவில் அரிசி, மாவு, டின் சாமான் என்று கெடாத கனத்த பொருளை ஒரே நடையில் வாங்குங்கள். நாலு வீடு சேர்ந்து ஒரே காரில் போனால் போக்குவரத்துச் செலவும் பிரிந்துவிடும். யார் பெயரில் தொகை ஏறியதோ அவர் அட்டை கடையில் இருக்க வேண்டும் என்பதையும் கிளம்புவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் அட்டை படும் பாடு வேறு. வியர்வையில் நனைந்த சிலுவார் (கால்சட்டை) பையில் வருடக்கணக்கில் கிடந்து சில்லு தேய்ந்திருந்தால் இயந்திரம் படிக்காது. தேசியப் பதிவு இலாகாவில் மாற்றிக்கொள்ளுங்கள். போகும்போதே முகவரியையும் மாற்றிவிடுங்கள். தோட்டம் கைமாறி லயமே இடிந்த பிறகும் ஐசியில் பழைய டிவிஷன் பெயரோடு திரிபவர்கள் நிறையப் பேர்.

அந்த முகவரி ஜேகேஎம் மனுவில் பெரிதாகக் கணக்காகிறது. என் கணிப்பில், தகுதி உள்ளவருக்கு மூன்றிலும் கனமானது இதுதான், தாமதமாவதும் இதுதான். 2025-இலிருந்து முதியோர் உதவி மாதம் 600 வெள்ளி. ஆண்டுக்கு 7,200 ஆகிறது. எஸ்டிஆர் பக்கத்தில்கூட நிற்காது. தனித்தாய் போன்ற ஏழைக் குடும்பங்களுக்கு, 6 வயது வரை உள்ள பிள்ளைக்கு 250, 7 முதல் 18 வயது வரை 200, குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000 என்ற கணக்கு இருக்கிறது. சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் வருவதால் அந்த மாவட்டத்துச் சமூக நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அதிகாரி வீட்டைப் பார்ப்பார். பிள்ளைகள் எங்கே, என்ன வேலை, மாதம் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்று கேட்பார். இங்கேதான் நம்முடைய மானப் பிரச்சினை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஒன்றும் அனுப்புவதில்லை என்று சொல்ல வாய் வராமல், “அவன் நல்லா பாத்துக்கிறான் சார்” என்று சொல்லி அனுப்பிவிடும் தாய்மார்களை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனு அங்கேயே படுத்துவிடும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரையும் அன்று கூட வைத்துக்கொள்ளுங்கள். ஜேகேஎம் வாங்கினால் எஸ்டிஆரை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அது வெறும் பேச்சு.

இ-காசே பதிவை மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தனியாக அதில் ரொக்கம் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சாரா 100-ஆ 200-ஆ என்பதையே அந்தப் பதிவுதான் தீர்மானித்தது. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு ஆர்எம்டி என்ற இலவசப் பள்ளிச் சாப்பாடு உண்டு. பெற்றோர் வருமான விவரத்தைப் பள்ளிக்குச் சரியாகக் கொடுத்தால் போதும்.

சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை) வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு மேலே சொன்ன மூன்றும் கிடையாது. ஆயுசெல்லாம் இந்த மண்ணில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்; இதை எழுதும்போதே கோபம் வருகிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் குடியுரிமை மனுவைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு: இன்றே எஸ்டிஆர் விவரத்தைச் சரிபாருங்கள், 60 தாண்டியவர் ஆதரவில்லாமல் இருந்தால் அதோடு ஜேகேஎம் மனுவையும் போட்டுவிடுங்கள். ‘நான் போட்டுத் தருகிறேன், 50 வெள்ளி’ என்று வாசலுக்கு வருபவரிடம் ஐசி நகலைக் கொடுக்காதீர்கள்.