கோதுமை பியர்: பாகா, பொடியா?

வீட்டில் பியர் காய்ச்சுகிறேன் என்றதும் ஊரிலிருக்கும் சித்தப்பா பதறிவிட்டார். 'காய்ச்சுவது' என்றால் நம்மூரில் அர்த்தமே வேறு. இங்கே அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் செய்துகொள்ளலாம். விற்கத்தான் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தானியத்தை ஊறவைத்து வடிகட்ட நேரமில்லாதவர்களுக்கு மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்தின் இனிப்புச் சாற்றைச் சுண்ட வைத்தது) பாகாகவும் கிடைக்கிறது, பொடியாகவும் கிடைக்கிறது. 'கோதுமை' என்று போட்டிருந்தாலும் இரண்டிலும் பொதுவாகப் பார்லியும் கலந்திருக்கும். 5 கேலனுக்குப் பாகு என்றால் சுமார் 3.2 கிலோ, பொடி என்றால் 2.6 கிலோ போதும். பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். விலை பொடிக்குச் சற்றுக் கூடுதல்.

நான்கு முறை பாகில் செய்துவிட்டு இப்போது பொடிக்கு மாறிவிட்டேன். காரணம், பாகு பழசாகிவிடும். டப்பாவுக்குள்ளேயே அது மெல்ல மெல்லப் பழுப்பாகிக்கொண்டிருக்கும். தோசைக்கல்லில் நிமிடத்தில் நடக்கும் வேலைதான், இங்கே மாதக்கணக்கில் நடக்கிறது. கறுப்பு பியரில் அது தெரியாது. கோதுமை பியரோ வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது. மூன்றாவது முறை தள்ளுபடியில் ஒரு டப்பா வாங்கினேன், தேதி பார்க்கவில்லை. கிளாஸில் ஊற்றினால் கட்டஞ்சாயா நிறம். ஈஸ்ட் கொடுக்க வேண்டிய வாழைப்பழ மணமும் கிராம்பு வாசமும் பின்னுக்குப் போய், பழைய வெல்லத்தின் ருசி முன்னால் நின்றது. போதாக்குறைக்கு, அடுப்பை அணைக்காமல் பாகை ஊற்றினால் அடிப்பிடிக்கும்.

பொடியிலும் வம்பு உண்டு. நீராவி பட்டால், ஈரக் கரண்டி போட்ட ஹார்லிக்ஸ் மாதிரி கட்டிதட்டிவிடும். (ஹார்லிக்ஸும் கோதுமையும் பார்லி மால்ட்டும்தானே!) கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் பால்போலப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். அதனால் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்து ஏற்றுகிறேன். மிச்சத்தை இறுக்கி மூடி வைத்தால் அடுத்த தடவை பியரில் சேர்க்குமுன் ஈஸ்ட்டை எழுப்பிப் பெருக்க உதவும், லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். திறந்த பாகு டப்பாவை அப்படி வைத்துப் பார்த்தேன், பூசணம் பூத்துவிட்டது.

சரக்கு சீக்கிரம் தீர்ந்துபோகும் கடை பக்கத்தில் இருந்தால் பாகும் மோசமில்லை. என் முதல் இரண்டு முறையும் அதில்தான், நன்றாகவே வந்தன.

வாசனைப் பொருள்களில் எனக்கு ஒரே ஒரு முறைதான் அனுபவம். கோதுமை பியரில் ஜெர்மானிய வகையான வைஸ்பியருக்கு ஈஸ்ட்டின் மணமே போதும். பெல்ஜிய வகையான விட்பியருக்குத்தான் மல்லி விதையும் கசப்பு ஆரஞ்சுத் தோலும். அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறதே என்று 30 கிராம் மல்லியை நசுக்கிப் போட்டேன். பாதி போட்டிருந்தாலே போதும். முதல் பாட்டிலைத் திறந்தபோது அடுத்த அறையிலிருந்து மனைவி கேட்டாள்: "ரசம் வெச்சிருக்கீங்களா?"