பழைய ஹைட்ரோஸ்டேட்டிக் டோசர் பாக்கப் போறீங்களா, தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு போங்க

நான் கோத்தகிரி பக்கம் சின்ன அளவுல மண் வேலை எடுத்து செய்றவன். எஸ்டேட்டுக்குள்ள ரோடு போடுறது, மழைக்கு சரிஞ்ச மண்ணை ஒதுக்குறது, இதுதான் பொழப்பு. மூணு மாசம் முன்னாடி கீழ சமவெளில பழைய வண்டி விக்கிற ஒரு யார்டுல எட்டு டன் டோசர் ஒண்ணு 16 லட்சத்துக்கு வாங்கினேன், ஹைட்ரோஸ்டேட்டிக் டிரைவ் வண்டி, அதாவது கியருக்கு பதிலா ஆயில் பிரஷர்ல ட்ராக் (இரும்புச் சங்கிலிப் பட்டை) ஓடுற வண்டி. வேலைக்கு விட்ட நாலாவது நாளே படுத்துடுச்சு. யார்டு பேரை போடல, ஆனா எப்படி ஏமாந்தேன்னு முழுசா சொல்லிடறேன், ஏன்னா இதே மாதிரி வண்டி தேடிட்டு இருக்கற ரெண்டு பேரை எனக்கே தெரியும்.

எங்கப்பா காலத்துல இருந்து எங்க வீட்ல கியர் டோசர்தான். பழைய வண்டி பாக்கப் போனா முதல்ல இன்ஜினை தொட்டுப் பாருடா, சூடா இருந்தா நீ வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்னு சொல்லிக் கொடுத்தாரு. அதை நம்பி காலைல ஆறரைக்கே போய் நின்னேன். இன்ஜின் ஜில்லுனு இருந்துச்சு. ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட், புகை இல்ல, பிளேடு சும்மா வெண்ணெய் மாதிரி ஏறி இறங்குது, ஒரு ட்ராக் முன்ன ஒரு ட்ராக் பின்னன்னு நின்ன இடத்துலயே திரும்புது. இருபது நிமிஷம் தரையில ஓட்டிப் பாத்துட்டு அட்வான்ஸ் கொடுத்துட்டேன்.

அப்பா சொன்னது இன்ஜினுக்கு சரி. ஹைட்ரோஸ்டேட்டிக்குக்கு அது மட்டும் பத்தாது. இந்த வண்டில கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் கிளட்ச் எதுவும் கிடையாது, இன்ஜின் ரெண்டு பம்பை சுத்துது, பம்ப் ஆயிலை பிரஷர்ல தள்ளுது, அந்த ஆயில் பக்கத்துக்கு ஒரு மோட்டாரை சுத்தி ட்ராக்கை ஓட்டுது. பம்பும் மோட்டாரும் உள்ள தேஞ்சு போச்சுன்னா ஆயில் வேலை செய்யாம உள்ளுக்குள்ளயே கசிஞ்சு டேங்குக்கு திரும்பிடும். ஆயில் ஆறி கெட்டியா இருக்கறப்ப அந்த கசிவு வெளிய தெரியவே தெரியாது. சூடாகி தண்ணி மாதிரி ஆனப்புறம்தான் இழுவை போகும். நான் பாத்தது ஆறிப்போன வண்டியை, அதுவும் சமமான தரையில.

நாலாவது நாள் மதியம் மூணு மணி இருக்கும், ஒரு எஸ்டேட்ல மேல் பக்கம் சரிவுல மண் தள்ளிட்டு இருந்தோம். இடது ட்ராக் மெல்ல மெல்ல சோர்ந்துச்சு, நேரா போக சொன்னா வண்டி தானா இடது பக்கம் இழுக்குது. இடது பக்கம்தான் பள்ளம். ஓட்டினது என் தம்பி. லீவரை நியூட்ரல்ல விட்டா வண்டி அப்படியே நிக்கணும், ஏன்னா இந்த வண்டில ஓட்டத்துல பிரேக்கே அந்த ஆயில்தான், ஆனா நிக்கல, நடக்கற வேகத்துல கீழ நகர ஆரம்பிச்சுது. அவன் பார்க்கிங் பிரேக்கை போட்டு பிளேடை மண்ணுல ஊனினதால நின்னுச்சு. இறங்கி வந்தவன் பத்து நிமிஷம் வாயே திறக்கல. பணம் போனதை விட அதை நினைச்சாதான் இப்பவும் எனக்கு வயிறு கலங்குது.

மேட்டுப்பாளையத்துல இருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தாரு. அந்த ஆயில் ஃபில்டரை கழட்டி ஆக்ஸா பிளேடால அறுத்து, உள்ள இருக்கற பேப்பர் மடிப்பை வெள்ளை வேட்டித் துணில வெச்சு பிழிஞ்சாரு. துணி பூரா தங்கத் தூள் மாதிரி மின்னுச்சு. பம்புக்குள்ள பிஸ்டன் ஷூவுல இருக்கற வெண்கலம் தம்பி, பம்ப் தன்னையே தின்னுட்டு இருக்குன்னாரு. ஆயிலும் புக்குல சொன்ன கிரேடை விட கெட்டி, அப்படி இருந்தா கசிவு சீக்கிரம் தெரியாது, ஃபில்டர் வெளிய புதுசு மாதிரி பெயின்ட் அடிச்சது. பம்ப், மோட்டார் ரெண்டும் சேத்து ஆறரை லட்சம் எஸ்டிமேட். யார்டுக்கு போன் பண்ணா உள்ளது உள்ளபடின்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே சார்னு வெச்சுட்டாங்க. நம்ம நீலகிரி மாவட்டத்துல டோசர் இறக்கணும்னாலே அனுமதி வாங்கணும், அப்படி அனுமதி வாங்கின நாளெல்லாம் வண்டி தார்ப்பாய்க்கு அடியில போச்சு.

அதனால போறவங்க இன்ஜினை ஆறினப்ப பாருங்க, டிரைவை சூடானப்ப பாருங்க. குறைஞ்சது ரெண்டு மணி நேரம் மண் தள்ள விடுங்க, வேணாம்னு சொல்ற இடத்துல நிக்காதீங்க. சூடானப்புறம் ஒரு மேட்டுல பிளேடை குத்தி தள்ளுங்க, ட்ராக் வழுக்கி சுத்தணும், இல்ல இன்ஜினாவது திணறணும், ரெண்டும் இல்லாம ட்ராக் சும்மா நின்னா பிரஷர் இல்லைனு அர்த்தம். நேரா கோடு போட்டு முன்னயும் பின்னயும் ஓட்டுங்க, எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரியும். சரிவுல ஏத்தி நியூட்ரல்ல விட்டுப் பாருங்க, கீழ ஆள் யாரும் இல்லாம. கேஜ் வெச்சிருக்கற மெக்கானிக்கை கூட்டிட்டு போய் சார்ஜ் பிரஷரை (பெரிய பம்புக்கு ஆயில் ஊட்டுற சின்ன பம்போட பிரஷர்) ஆறினப்ப ஒரு தடவை, சூடானப்ப ஒரு தடவை எடுங்க, அந்த வித்தியாசம் பொய் சொல்லாது. ஃபைனல் டிரைவ் (மோட்டாருக்கும் ட்ராக்குக்கும் நடுவுல இருக்கற பல்சக்கர டப்பா) பிளக்கை திறங்க, அதுல ஆயில் லெவல் ஏறியிருந்தா மோட்டார் சீல் போய் ஆயில் உள்ள வந்திருக்கலாம். செயின், ரோலர், ஸ்ப்ராக்கெட் பல்லு இதெல்லாம் தேஞ்சிருக்கான்னு பாக்க எல்லாருக்கும் தெரியும், ஓடின மணி நேரத்தை காட்டுற ஹவர் மீட்டரை மட்டும் நம்பாதீங்க, பெடல் ரப்பரும் சீட்டும் நிஜத்தை சொல்லும்.

டர்போ (காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற சாமான்) இல்லாத இன்ஜின்னா இன்னொண்ணு, கீழ சமவெளில பாத்த பவர் கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்துல இருக்கற எங்க ஊர்ல இருக்காது, காத்து மெலிசு.

ஃபில்டரை உங்க கண் முன்னாடி அறுக்க சம்மதிக்கலைன்னா அட்வான்ஸ் கொடுக்காம பஸ் ஏறிடுங்க. புது ஃபில்டர் காசை நீங்களே கொடுக்கறேன்னு சொல்லுங்க, ஒரு ஆக்ஸா பிளேடும் வெள்ளைத் துணியும் பைல இருக்கட்டும்.