வில்லின் முதுகுக்கு எந்தப் பாம்புத் தோல்?

என் தங்கை மகன் மூங்கில் வில் ஒன்றைச் செதுக்கி முடித்துவிட்டு வந்து நின்றான். "மாமா, மலைப்பாம்புத் தோல் ஒட்டலாமா? நம் ஊரிலேயே இருக்கிறதே" என்று கேட்டான். எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள். எலி பெருத்த இடத்துக்குப் பாம்பு வராமல் இருக்காது. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

பாம்புத் தோல் வில்லுக்கு வலு சேர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். சேர்க்காது. நாணை இழுக்கும்போது விரியும் முதுகுப் பக்கத்தை ஈரத்திலிருந்தும் கீறலிலிருந்தும் ஓரளவு காக்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அழகு. அழகுக்காக ஒட்டுவது வில்லின் ஓட்டத்தைக் கெடுக்கக் கூடாது.

வளர்ந்த மலைப்பாம்பின் தோல் அங்கேதான் தோற்கிறது. அதன் கோலம் உடலின் அகலம் முழுவதும் பரவியது. வில்லின் அகலமோ ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். அந்த அளவுக்கு ஒரு கீற்று வெட்டினால் வலைப்பின்னல் போய், தொடர்பற்ற கறுப்புத் திட்டுகளே மிஞ்சும். தோலும் தடிப்பு. அம்பு கிளம்பும் நொடியில் அதிக தூரம், அதிக வேகத்தில் நகர்வது வில்லின் நுனி. அங்கே ஏறும் சிறு பாரமும் அம்பின் வேகத்தைக் குறைக்கும். நானே ஒரு மென்மையான வில்லுக்கு அதை ஒட்டி, அம்பு சோர்ந்து விழுவதைக் கண்டு, ஒரு வாரம் கழித்துச் சுரண்டி எடுத்தேன். இன்னொன்று: மலேசியாவில் மலைப்பாம்பு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. உரிமம் இல்லாமல் பிடிப்பது குற்றம். யாரோ அடித்துப் போட்டதை வாங்கி ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

அமெரிக்க வில் செய்வோர் விரும்பும் கிலுகிலுப்பை விரியனின் தோலை முதன்முதலாக விரித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. வைரக்கட்டங்கள் முதுகெலும்புக் கோட்டிலேயே வரிசையாக அமர்ந்திருக்கின்றன. நடுக்கீற்றை எடுத்தால் கோலம் குலையாமல் வரும். வால் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாய் வளையங்கள். வில்லின் நுனிக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவுமில்லை. விலை அதிகம், தருவிக்க ஆவணமும் வேண்டும்.

சாரைத் தோல் மெலிது, நன்றாகப் படியும், கோலம்தான் போதாது. நாகத்தைப் பற்றி நான் பேசவே மாட்டேன். தோட்டத்து நாகம்மன் கோயிலில் வளர்ந்தவன் நான்.

கழற்றிப்போட்ட சட்டையையும் மறந்துவிடக் கூடாது. நிறம் போய்விடும், செதில் கோடுகள் மட்டும் இருக்கும். கருஞ்சாயம் ஏற்றிய மரத்தின்மேல் மெல்லிய பசையில் படியவைத்தால் நிழல் போல எழும். பாம்பு எங்கோ உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியும் கூடவே கிடைக்கும். சிறுவர்களின் வில்லுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஒட்டும் வேலையில் எந்தத் தோலுக்கும் முதல் எதிரி கொழுப்பு. ஊறவைத்த பச்சைத் தோலைப் பாத்திரம் கழுவும் சோப்பால் அலச வேண்டும். மூங்கிலின் வழுவழுப்பை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் போதும். வலுவான நார்கள் மேற்பரப்பை ஒட்டியே இருப்பதால் ஆழமாகத் தேய்க்கக் கூடாது. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை நம் ஊர்ப் புழுக்கத்தில் இளகும், நீர் தாங்கும் மரப்பசையே நல்லது. தோலின் வால் பக்கம் வில்லின் நுனியை நோக்கி இருக்கட்டும். காய்ந்ததும் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்தால் தளர்ந்த செதில்கள் வந்துவிடும், பிறகு வார்னிஷ்.

தங்கை மகனிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, அவன் வில்லின் அகலத்துக்கு நீளமான துளை வெட்டச் சொன்னேன். கடையில் எந்தத் தோலைக் காட்டினாலும் அந்தத் துளையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, வில்லின் இரண்டு கைகளுக்கும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகளுக்கு, ஒரே அளவில் ஜோடியாகக் கிடைக்கிறதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.