கொசுவுக்குத் தட்டானா, நொச்சியா?

மதுரை வண்டியூர் கண்மாய்ப் பக்கம் குடியிருப்பவர்களிடம் கொசுவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மருந்தடிக்காமல் அதைக் குறைக்க இரண்டு யோசனைகள் அடிபடும். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்துத் தட்டான் பூச்சியை வரவழைப்பது ஒன்று, வாசலில் நொச்சிச் செடி நடுவது இன்னொன்று. நான் நொச்சியைத்தான் நட்டேன்.

தட்டானின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசி மழையோடு கூட்டமாக வருகிற மஞ்சள் தட்டான் (பன்டாலா ஃபிளாவெசென்ஸ்) பறந்தபடியே கொசுவைப் பிடிக்கும். தண்ணீருக்குள் வளரும் அதன் இளம்பூச்சி கொசுப்புழுவைத் தின்னும். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை இவை கடல் தாண்டுவதாக 2009இல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். அவ்வளவு தூரம் போகிற பூச்சி நம் மாடித் தொட்டிக்கு வருமா என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் தட்டானுக்கு வைக்கும் தொட்டியே டெங்குக் கொசுவுக்கும் தோது. கொசு முட்டையிலிருந்து பறக்கப் பத்து நாள் போதும். வேகமாக வளரும் இந்தத் தட்டானுக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அது முட்டையிட வராவிட்டால் நாம் வளர்த்தது கொசுவைத்தான். சித்திரை வெயிலில் தொட்டி வற்றாமல் தினமும் தண்ணீரும் ஊற்ற வேண்டும். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் பார்த்தால் கவிழ்த்துவிட்டுத்தான் போவார், அவர் செய்வதும் சரிதான். வயலும் கண்மாயும் வேறு கதை. அங்கே தட்டானை யாரும் பராமரிக்க வேண்டியதில்லை.

நொச்சிக்கு இந்தத் தலைவலி கிடையாது. மழைக்காலத்தில் ஒரு போத்தை (கிளைத் துண்டை) ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். வேர் விட்டபின் மதுரை வெயிலையும் தாங்கும். ஆடு அவ்வளவாகக் கடிக்காது, அதனால்தான் வேலிக்கு வைக்கிறார்கள். வெட்ட வெட்டத் தழையும். சளி பிடித்தால் ஆவி பிடிக்க ஆகும், குதிரில் நெல்லோடு போட்டால் பூச்சியும் அண்டாது. கருநீலப் பூவும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

ஆனால் செடி சும்மா நின்றால் கொசு ஓடிவிடாது. அந்தி நேரத்தில் அரைகுறையாகக் காய்ந்த தழையைத் தணலில் போட்டுப் புகைக்க வேண்டும், அதுவும் புகை இருக்கும் வரைதான். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வேண்டவே வேண்டாம். நான் நட்டது தரையில். மாடியில் பூந்தொட்டியில் வைப்பவர்களுக்குப் புகைக்கிற அளவு தழை கிடைக்குமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

கன்றுக்காகக் காசு செலவழிக்க வேண்டாம். ஊர்ப்பக்கம் போகும்போது வேலிக்காரரிடம் கேட்டு, விரல் தடிமனில் இரண்டு போத்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.