பிள்ளையின்ர படிப்புக் காசுக்கு எங்க போறது: கிழமைக்கடனா, சங்கமா, அடைவா, சீட்டா?

எங்கட இலங்கையில படிப்பு 1945ல இருந்து இலவசம்தான், புத்தகமும் சும்மா தருகினம், ஆனா ஓஎல் (சாதாரண தரச் சோதனை) படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில ரியூசன், சப்பாத்து, பஸ் காசு எண்டு போய்க்கொண்டே இருக்கும். கூலி வேலைக்குப் போற சனம் இதை எங்க மாறுறது? நான் வட்டியை மட்டும் பாக்கேல்ல, காசு கட்டேலாத கிழமையில என்ன நடக்குது எண்டும் பாத்தன்.

கிழமைக்கடன் குடுக்கிற நுண்கடன் கொம்பனி வாசலுக்கே வரும், நகை நிலம் கேக்காது, குறூப்பில இருக்கிற மற்றப் பொம்பிளையள்தான் பிணை. எங்கட ஒழுங்கையில ஒருநாள் காலமை மாமரத்துக்குக் கீழ கூட்டம், ஒரு அக்காவுக்கு 700 ரூவா குறையுது, அவ காசு வைக்கும்வரைக்கும் ஒருத்தரும் எழும்பேலாது. ஓடிப்போய் மகளின்ர உண்டியலை உடைச்சு சில்லறையா எண்ணிக் குடுத்தா. அந்தக் கடன் எடுத்ததே மகளின்ர ரியூசனுக்கு! கணக்கைப் பாருங்கோ: 50,000 எடுத்து, 24 வீதம் எண்டு 52 கிழமையில 62,000 கட்டினா, முதல் குறையக் குறைய வட்டி குறையாததால உண்மையில 40 வீதத்துக்கும் மேல போகுது. 2018ல வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பெண்களின்ர 1 இலட்சத்துக்குள்ளான நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்யிற நிலைக்கு வந்தது. கிழமைக்குக் கிழமை காசு புரளுற கடை, தையல் எண்டால் சரி, படிப்பு கிழமைக்குக் கிழமை உழைச்சுத் தராது.

சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் எண்டால் முதல்ல அங்கத்தவராகி கொஞ்சக்காலம் சேமிக்கவேணும், ரெண்டு பிணையாள் வேணும், அவசரத்துக்கு உதவாது. ஆனா மிச்சமுள்ள முதலுக்குத்தான் வட்டி, நிருவாகத்தில இருக்கிறது ஊராக்கள், புருசனுக்கு வேலையில்லை எண்டு போய்ச் சொன்னா கதைச்சுத் தவணை மாத்தலாம். என்ர தெரிவு இதுதான். சில ஊரில சங்கம் பூட்டிக்கிடக்கு, அது பெரிய கவலை.

அடைவு, அதாவது நகையை அடகு வைக்கிறது, ஒரு மணித்தியால வேலை. தோடு இருந்தா வங்கியில வையுங்கோ, ஆரும் வாசலில வந்து நிக்கமாட்டினம், ஆனா தவணை தப்பினா ஏலம். சீட்டு வட்டியில்லாத சேமிப்பு, பத்துப்பேர் மாசம் 5,000 போட்டா ஒராளுக்கு 50,000, ஆனா சீட்டுப் பிடிச்சு நடத்திற ஆள் ஓடினா எழுத்தில ஒண்டும் இல்லை.

அடுத்த வருசப் படிப்புக்கு இப்பவே சங்கத்தில சேருங்கோ. கிழமைக்கடன்தான் வழி எண்டால், மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டவேணும் எண்டு தமிழில எழுதி வாங்காமல் கையெழுத்து வைக்காதேங்கோ.